பார்வையாளர் ஏட்டில் என் கையெழுத்து

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்றால், இப்போது மணி நாலு, இந்த நாலு மணி நிலவரப்படி நலம்.

கிளம்பும்போது நீங்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தீர்களே, "மூணு இடம் அத்தான், மூணும் இலவசம், சும்மாவே ஊரைப் பாத்துட்டு வந்துரலாம்" என்று, அந்தச் சீட்டை நம்பித்தான் இன்று காலை புறப்பட்டோம். விடுதி அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. உங்கள் அக்கா நீங்கள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பூப்போட்ட குடையை எடுத்துக்கொண்டாள், நான் தண்ணீர் பாட்டிலையும் ரொட்டிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன், பேருந்துக்குக்கூடக் காசு கொடுக்காமல் நடந்தே போனோம்.

முதலில் அருங்காட்சியகம். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் பொதுக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துக் குறை எழுதுவதையே உத்தியோகமாக வைத்திருந்தவன், ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்காது. எந்த இடத்துக்குப் போனாலும் பார்வையாளர் ஏட்டில் ஒரு குறையாவது எழுதாமல் வரமாட்டேன். உள்ளே போகும்போது மற்றவர்கள் எழுதியதைப் படிப்பேன், வெளியே வரும்போது நான் எழுதுவேன். இன்று படித்துப் பார்த்தால், இன்றைய தேதியில், மணி பத்து நாற்பது, வந்தவர்கள் இருவர், குறை: மூன்றாம் கூடத்து நாற்காலிக்கு ஒரு கால் இல்லை, கீழே என் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன் இல்லையா, அந்தப் புள்ளிகள் உட்பட. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி பத்துகூட ஆகவில்லை. உங்கள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடியே இங்க வந்திருக்கீங்க. அந்த இன்னொரு ஆள் யாரு?" என்று பிடித்துக்கொண்டாள். இன்றைய தேதி போட்டிருக்கிறதே, நீதானே அது என்றால், "சமாளிக்காதீங்க" என்றாள். பயப்படக்கூட அவகாசம் தரவில்லை. மூன்றாம் கூடத்தில் நாற்காலிக்கு ஒரு கால் இல்லை. வெளியே வந்தபோது மணி பத்து நாற்பது. ஏட்டில் எழுத எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்தது மணிக்கூண்டு. யாரோ விளையாடுகிறார்கள், இங்கே பார்த்துவிடுவோம் என்று நேராக ஏட்டுக்குப் போனேன். பன்னிரண்டு இருபது, இருவர், குறை: பலகையில் தொண்ணூறு படி என்று இருக்கிறது, ஏறினால் தொண்ணூற்றொன்று வருகிறது. விடுவேனா? மூட்டு வலியோடு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினேன். தொண்ணூற்றொன்று. அந்தக் கடைசிப் படியில் நின்றபோது முதுகில் சில்லென்று வேர்த்தது, மாப்பிள்ளை, மறைப்பானேன். உங்கள் அக்கா மட்டும், "பரவால்லயே, எழுதுற வேலை மிச்சம்" என்று ரொட்டியைப் பிரித்தாள். அவளுக்குச் சந்தேகம் தெளிந்து சிரிப்பு வந்துவிட்டது, நான்தான் இறங்கும்போதும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாவது, நீங்கள் சீட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்த பூமிக்கடி நீர்த்தொட்டி. விடுதியிலிருந்து கால் மணி நேர நடைதான். ஒரு சின்ன வாசல், அதிலிருந்து கீழே இறங்கும் படிகள், வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஒரு காவலாளி. கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிறைய தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"தண்ணி வத்தி ரொம்ப வருசமாச்சு சார். சத்தம் மட்டும் இன்னும் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு இறங்குங்க, போடாம யாரையும் விடுறதில்ல."

உங்கள் அக்கா குடையை மேசைக் காலில் சாய்த்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். நான் ஏட்டைத் திறந்தேன். இன்றைய பக்கத்தில் ஒரே ஒரு பதிவு. மணி மாலை ஐந்தே முக்கால். வந்தவர்கள்: ஒருவர். குறை: ஏதுமில்லை. கீழே என் கையெழுத்து, இரண்டு புள்ளி. ஏதுமில்லை என்று என் வாழ்நாளில் ஒரு கட்டடத்துக்காவது நான் எழுதியிருக்கிறேனா? எங்கள் கல்யாண மண்டபத்துக்கே குறை எழுதிக் கொடுத்தவன் நான், உங்கள் அப்பா கடைசிவரை சொல்லிக்காட்டினார். ஆனால் என் கண் அந்த 'ஒருவர்' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டது. ஏட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். "வயிறு சரியில்ல, ரூமுக்குப் போயிரலாம்" என்றேன். "இலவசமா இருக்கிற இடத்த விட்டுட்டு நீங்க வர்றீங்களா!" என்று வாயைப் பிளந்தாள். தெருவில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். முப்பத்தாறு வருடத்தில் தெருவில் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. "உண்மையிலயே உடம்பு முடியலயா?" என்று பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏட்டில் கண்டதை அவளிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஆக, இப்போது இருவரும் அறையில் இருக்கிறோம். நான் சுவரைப் பார்த்தபடி எழுதுகிறேன், அவள் என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். ஐந்தே முக்கால் தாண்டும்வரை இந்த அறையைவிட்டு ஓர் அடி வைக்கமாட்டோம். நாளைக் காலை முதல் பேருந்தில் இருவரும் ஊர் திரும்புகிறோம். தம்பிக்கு நானும் ரெண்டு வரி எழுதணும், இடம் விடுங்க என்றாள், விட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும் இருக்க என் ஆசிகள். தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்.

அக்கா எழுதுவது:




பின்குறிப்பு: கட்டிலில் சீப்பு மட்டும்தான் இருக்கிறது. கீழே ஓடிப்போய் விடுதி மேலாளரைக் கேட்டேன். "அம்மா உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே சார் போனாங்க? குடைய மறந்துட்டாங்களாம், எடுத்துட்டு அப்படியே அந்த இடத்தையும் எட்டிப் பாத்துட்டு வர்றேன்னாங்க. நீங்க 'ம்'னு சொன்னது வராந்தாவில நின்ன எனக்கே கேட்டுச்சே" என்கிறார். போனது நாலேகாலுக்காம். இப்போது ஐந்தரை. கால் மணி நேர நடை. நான் போகாமல் இருக்க முடியாது, மாப்பிள்ளை. கையெழுத்துப் போடாமல் அந்த ஆள் உள்ளே விடமாட்டார். இருவர் என்றுதான் எழுதப்போகிறேன், குறைக்குப் பக்கம் போதாமல் எழுதப்போகிறேன். கடிதத்தை மேலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாங்கள் திரும்பி வந்தால் உங்கள் அக்கா தன் இரண்டு வரியை எழுதியபிறகுதான் இது தபாலுக்குப் போகும், வராவிட்டால் காலையில் அவரே போட்டுவிடுவார். அதனால் இதை வாசிக்கும் முன் தயவுசெய்து மேலே அக்காவுக்கு விட்ட இடத்தைப் பாருங்கள்.