உப்பைத் திரும்பிப் பார்க்காதீர்கள்

விஜயராஜ் எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டினான். டீ போட்டான். கேஸை அடைத்தான். அடைத்ததை மறுபடி ஒருமுறை பார்த்தான். நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். உப்பு குரைத்தது.

"சும்மா கெட" என்றான். நிறுத்தியது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் மறுபடி குரைத்தது.

உப்பு வெள்ளை நாய். தருவைகுளம் ரோட்டில் உப்பளத்து ஓரம் குட்டியாகக் கிடந்ததை அவன் மனைவி உமாராணி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "கேஸை அடைச்சியளா?" என்று கேட்டாள். அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

உப்பு குரைத்த அந்தக் காலையில் காசிலிங்கம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். வரிசையாக ஐந்து வீடுகள் உள்ள அந்த வளவுக்குச் சொந்தக்காரர். கருப்பட்டிக் கடையை அடைத்துவிட்டுப் படுக்கவே வெகுநேரமாகும் அவருக்கு விடியற்காலைத் தூக்கம்தான் உயிர்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது வாய் அடங்கணும். இல்லைன்னா குலசேகரன்பட்டினத்துல மச்சான் தோப்புக்கு வண்டி ஏத்தி விட்டுருவேன், பாத்துக்க."

விஜயராஜ் "ம்" என்றான். துறைமுகத்தில் சரக்குக் காகிதம் பார்க்கும் ஆபீசிலும் அவனுடைய முழு வாக்கியம் அதுதான்.

கால்நடை டாக்டர் ஜெர்லின், உப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

"கவனத்துக்கு ஏங்குது. குரைச்சா நீங்க திரும்பிப் பாக்குறீங்க, பேசுறீங்க. அதுக்கு அதான் சம்பளம். இனிமே பாக்காதீங்க, பேசாதீங்க. மொதல்ல கூடும். அப்புறம் தானா அடங்கிரும்."

சொன்னதில் முதல் பாதி உடனே பலித்தது. உப்பு குரைத்தது. அவன் சுவரைப் பார்த்தான். அது அவன் செருப்பைக் கொண்டுவந்து மடியில் போட்டுக் குரைத்தது. அவன் செருப்பும் மடியுமாக உட்கார்ந்திருந்தான். அது போய் அண்ணாச்சியின் செருப்பையும் கொண்டுவந்தது.

குரைக்காதபோது ஏதாவது தின்னக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். நெத்திலிக் கருவாடு வாங்கினான். உப்பு சீக்கிரமே கணக்கைப் பிடித்துக்கொண்டது. குரைத்தால்தானே நிறுத்த முடியும், நிறுத்தினால்தானே கருவாடு. வாசனைக்குத் தெருப் பூனைகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்துக் குரைத்து நிறுத்தியதற்கு உப்பு தனியாகக் கருவாடு எதிர்பார்த்தது.

வளவே கொஞ்சிக் கெடுக்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். விஜயராஜ் வளவு வாட்ஸ்அப் குழுவில் முதல்முதலாகச் செய்தி போட்டான். காலையில் உப்பு வந்தால் யாரும் பேசக்கூடாது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். குழுவில் அண்ணாச்சி மட்டும் இல்லை. அவரைப் பற்றிப் பேசவென்றே தொடங்கிய குழு அது.

சனிக்கிழமை காலை குழாயடியில் குடங்களோடு வளவே நின்றது. உப்பு வந்தது. பேச்சு நின்றது. ஐந்து வீடும் சுவரைப் பார்த்தது. கொஞ்சுவதற்கு ஆளில்லாத உப்பு நேராக விஜயராஜின் முதுகுக்கு வந்து தொண்டை கிழியக் குரைத்தது. சத்தத்தில் எழுந்து வந்த அண்ணாச்சிக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

"ரோச்சு, என்னலே நடக்கு?"

கடைசி வீட்டு ரோச் சுவரையே பார்த்தான்.

"தண்ணி மோட்டார ஒருநேரம் நிப்பாட்டுனதுக்கு என்னையத் தள்ளி வைக்கியளோ? எல்லாம் இந்த நாய்க்காரன் வேலை. ஞாயித்துக்கிழமை எதுக்கு, இன்னைக்கே ஏத்துதேன்" என்று உப்பின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றான் விஜயராஜ். "அது அவ கொண்டாந்தது."

அதோடு நிற்கவில்லை. முந்தானை, பால் புட்டி, உமா அதற்குத் தலைவாரிப் பொட்டு வைத்தது, ஆஸ்பத்திரி, இப்போது வீட்டுக்குள் கேட்கும் ஒரே சத்தம் இதுதான் என்பது, எல்லாம் வந்தது. ஒரு வருஷத்துப் பேச்சு. அண்ணாச்சி எப்போது பட்டையை விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அண்ணே, கீழ பாருங்க" என்றான் ரோச், விஜயராஜிடம்.

உப்பு விஜயராஜின் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் செண்பகம் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். இவன் பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் குரைக்கும்படி உமா மீன்தலை போட்டு நாயைப் பழக்கினாளாம். மீன்தலை செண்பகம் வீட்டிலிருந்துதான் போகுமாம்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க தம்பி வாயத் தொறந்து கேட்ட? நாயி அதை மறந்திருக்கும்னுல்லா நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு நீ கேஸைப் பாக்க உள்ள ஓடிட்ட. இது ஆட்டோக்குள்ள தலைய நீட்டிட்டு நின்னுச்சு. கடைசியா இதுகிட்டதான் பேசினா. அதுக்கப்புறம் அவளுக்கு நெனவே வரலையே."

"என்ன சொன்னா?"

"'ஏலே உப்பு, இந்த மனுசன் இனி வாயையே தொறக்க மாட்டாரு. நீ விட்டுராத.'"