இருபத்துநாலு பை, ஒரே எடை

பத்தாவது பையைத் தராசில் வைத்தபோது சிவசண்முகத்துக்கு வியர்த்துவிட்டது. அதுவும் இரண்டு கிலோ நூறு. முந்தைய ஒன்பதும் அப்படியே, பத்துக் கிராம் முன்னே பின்னே.

ஸ்ரீவைகுண்டத்துக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. நெல்லும் வாழையும் விளைகிற அந்த மண்ணில், வெயில் தாங்கும் கோதுமையைத் தேடி இருபத்துநாலு ரகங்களைப் பாத்தி பிரித்து விதைத்திருந்தான். செடி எவ்வளவு உயரம், ஒரு விதையிலிருந்து எத்தனை தூர் கிளம்பியது, கதிர் எத்தனை அங்குலம் என்று நாலு மாதம் குனிந்தே அளந்தான். இவற்றில் எது விளைச்சலைக் கூட்டுகிறது என்று சொன்னால்தான் அவனுடைய ஒப்பந்த வேலை இன்னும் ஓராண்டு நீளும்.

ரகத்துக்கு ஒரு பை கோதுமை; இருபத்துநாலும் நிறுத்தாயிற்று. பன்னிரண்டு தூர் வெடித்துக் குப்பென்று நின்ற ரகமும் அதே எடை. மூன்று தூரோடு நோஞ்சானாக நின்றதும் அதே எடை.

"தராசு போச்சு" என்று பைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காஜா முகைதீன் மளிகைக்குப் போனான்.

கடைக்காரர் நாலாவது பையிலேயே சிரித்துவிட்டார். "என்ன தம்பி, பாக்கெட் போட்டு விக்கப் போறியளா? அச்சுல வார்த்த மாதிரில்லா இருக்கு!"

அப்படியானால் தூரைத் தப்பாக எண்ணியிருக்க வேண்டும். பண்ணைக்குத் திரும்பி வைக்கோல் கட்டுகளைப் பிரித்து மூன்று நாள் எண்ணினான். கணக்கு சரி. கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

பிடித்த கழுத்தோடு, ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் சாலமோனுக்குப் போன் போட்டான்.

"ஏலே, செடி எப்படி இருந்தாலும் விளைச்சல் மாறலைங்கியா? பாடப்புத்தகத்தையே திருத்தணும்லே!"

"எங்கயோ இடிக்குது சார்."

"புதுசுன்னா இடிக்கத்தாம்லே செய்யும்!"

பேராசிரியர் அன்றைக்கே தில்லிக்கு எழுதிவிட்டார். நிபுணர் குழு கிளம்புகிறது என்றதும் சிவசண்முகம் பதறி, "இன்னொரு போகம் போட்டுப் பாத்துருவோமே சார்" என்று கெஞ்சினான். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார்.

குழுத்தலைவி ஒவ்வொரு பையிலும் கைவிட்டு அள்ளிப் பார்த்தார். ஒரே பிடிக்குள் பருத்த மணியும் சூம்பிய மணியும் கிடந்தன. அவர் நெற்றி சுருங்கியது. "கதிரை அடித்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

களத்து வேலைக்காரி முத்துராணியைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"முத்துராணியக்கா, ஒவ்வொரு பாத்தியையும் தனியாத்தான அடிச்சிய?" என்று கேட்டான் சிவசண்முகம்.

"ஆமா சார். நம்பர் பாத்துத் தனித்தனிப் பையிலதான் போட்டேன்."

பேராசிரியர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். கேமராக்கள் மின்னின. குழுத்தலைவி புன்னகையோடு சிவசண்முகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழுத்துவலிகூட விட்டது போலிருந்தது அவனுக்கு.

முத்துராணிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"செல பையில உழக்குகூடத் தேறல சார். நாலு மாசம் குனிஞ்சே கெடந்த பிள்ளைக்கு ஏச்சு விழுந்துரக் கூடாதேன்னு, நெறஞ்ச பையில இருந்து அள்ளிப் போட்டு எல்லாத்தையும் நாந்தான் சமமாக்கி வச்சேன்!"