வெள்ளிக்கிழமைக் கச்சான் குழம்பு

சிவமயம்

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
24.10.1993, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய அத்தான் குகதாசன் அவர்கட்கு,

மைத்துனன் சிவானந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு கனகாம்பிகை சுகம், மகள் சந்திரவதனா சுகம். நானும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம்தான், ஆனால் எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. ரொறன்ரோக் குளிருக்குள் அக்காவும் பிள்ளைகளும் நீங்களும் நலமாக இருக்க முருகன் துணை. குறிப்பாக நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்து முடிக்க உங்களுக்குத் தென்பு தேவைப்படும்.

நீங்கள் பேசிக் கொண்டுவந்த மனோர் பார்க் சம்பந்தம் பற்றித்தான் எழுதுகிறேன். போன மாதம் போனில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “பெடியன் பாஸ்கரன் தங்கமடாப்பா. கணக்காளர் வேலை. வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் தொடமாட்டான். தேப்பன் பாலேந்திராவும் சரியான அப்பாவி. நீ உதுக்குப் போய் விசாரிச்சுக்கொண்டு திரியாதை.” இப்படிச் சொன்னது நீங்கள்தானே? சந்திரவதனாவுக்கு இருபத்தேழு வயது. நான்கு மாப்பிள்ளைமாரை வேண்டாம் என்றவள், இந்தப் பாஸ்கரனின் படத்தைக் காட்டியபோதுதான் முதன்முறையாக “பாப்பம்” என்று ஒரு சொல் சொன்னாள். இதுவும் குழம்பினால் இனிக் கலியாணம் என்ற பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அப்படியிருக்க, ஒரே பிள்ளையைப் பெற்றவன் விசாரிக்காமல் சும்மா இருக்க முடியுமா?

ஊரில் என்றால் இது ஒரு வேலையே இல்லை. மாப்பிள்ளை வீட்டுச் சந்தியில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்தால் மூன்று தலைமுறைக் கதையும் தானாக வரும். லண்டனில் சந்தி எங்கே இருக்கிறது? பதினொரு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் வெள்ளைக்காரனுக்கு என் பெயர் இன்னும் தெரியாது. அவனிடம் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் என் குப்பைத் தொட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லுவான். ஆகவே, ஒருவன் மத்தியானம் எங்கே போய்ச் சாப்பிடுகிறானோ அதுதான் அவனுடைய சந்தி என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். முந்திய நான்கு மாப்பிள்ளைமாரையும் அப்படித்தான் விசாரித்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமைகளில், ஏனென்றால் பெற்றோல் நிலையத்தில் எனக்கு அன்றுதான் ஷிப்ட் இல்லை.

நேற்று முன்தினமும் அப்படியே குளித்து, திருநீறு பூசி, குரங்குத் தொப்பியும் குடையுமாக ரயில் ஏறி லிவர்பூல் ஸ்ரீட்டில் இறங்கினேன். மகள் வேலை செய்யும் கந்தோரும் அந்தப் பக்கம்தான், அதற்குத்தான் தொப்பி. வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் சுத்த சைவம், உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கந்தோருக்கு எதிரே, கையில் அவருடைய படத்துடன், தூறலில் ஒன்றேகால் மணித்தியாலம் நின்றேன். ஒரு பொலிஸ்காரன் இரண்டு முறை வந்து, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டான். கேட்ட விதத்தில் உதவி தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வெளியே வந்தார். பின்னால் போனேன். அவர் பின் ஒழுங்கைக்குள் புகுந்து நேரே ஒரு வண்டிலுக்கு முன்னால் போய் நின்றார். இந்தோனேசியாக்காரி ஒருத்தி நடத்தும் சாப்பாட்டு வண்டில். ஒரு பக்கம் கரி அடுப்பு, மறுபக்கம் பெரிய தாச்சிச் சட்டி, மேலே மழைக்கு ஒரு தறப்பாள். மாப்பிள்ளை என்ன வாங்கினார் தெரியுமா? ஈர்க்கில் குத்திச் சுட்ட கோழி. வெள்ளிக்கிழமையில்! எட்டு ஈர்க்கு!

சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று நானும் வரிசையில் நின்றேன். முன்னுக்கு நின்றவரிடமும் பின்னுக்கு நின்றவரிடமும் மாப்பிள்ளையின் குணநலன்களை மெதுவாக விசாரித்தேன். இரண்டு பேரும் என்னை விட்டுத் தள்ளி நின்றார்கள். என் முறை வந்ததும், மச்சம் இல்லாமல் ஏதும் உண்டா என்று இங்கிலீசில் கேட்டேன். வண்டில்காரி என்னைத் தொப்பியிலிருந்து சப்பாத்துவரை பார்த்துச் சிரித்துவிட்டு, “காடோ காடோ” என்றாள். சாப்பாட்டின் பெயரை ஒருமுறை சொன்னால் எனக்குக் காது கேளாது என்று நினைத்தாளோ தெரியாது. எல்லாருக்கும் மேலே இருந்த பெரிய சட்டியில் அள்ளியவள், எனக்கு மட்டும் குனிந்து கீழே ஒளித்து வைத்திருந்த சின்னச் சட்டியில் அள்ளினாள். நேற்றைய மிச்சத்தை என் தலையில் கட்டுகிறாளே என்று கொதித்தது, ஆனால் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பார்.

அவித்த முட்டைக்கோவா, அவித்த பயிற்றங்காய், முளைவிட்ட பயறு, இவற்றின் மேல் ஓர் அகப்பை கச்சான் குழம்பு. கச்சான் என்பது கோயில் வீதியில் கோது உடைத்துச் சாப்பிடுகிற நிலக்கடலை. அதை அரைத்து யாராவது குழம்பு வைப்பார்களா? பக்கத்தில் சிவப்பாக ஒன்றை வைத்துச் சம்பல் என்றாள். ஒரு துருவல் தேங்காய்ப்பூக்கூட இல்லாத சம்பல்! அக்காவிடம் சொல்லிப் பாருங்கள், அவ அந்தக் கவலையில் மூன்று நாள் படுத்துவிடுவா. உறைப்பு மட்டும் குறை சொல்ல முடியாது, கண்ணால் தண்ணீர் ஓடியது. பசியும் கூட. முழுவதையும் சாப்பிட்டேன். தட்டையும் வழித்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வண்டிலுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒன்றில் நான். மற்றதில் என் வயதுடைய ஒருவர், கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, கையில் அதே கச்சான் குழம்பு.

“தமிழோ அண்ணை?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நெத்தியிலை திருநீறும் கிடக்கு. வெள்ளிக்கிழமையெண்டு பாக்கிறேல்லையோ? உந்தக் குழம்புக்குள்ளை இறால் அரைச்சுப் போடுறவை.”

வெறும் தட்டைக் கீழே வைத்தேன். “பிறகேன் நீங்கள் சாப்பிடுறியள்?”

“நான் வீட்டிலைதான் சைவம்,” என்று சொல்லி, கூச்சமில்லாமல் விரலை நக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அண்ணை, உந்தப் பக்கத்து ஒபிசிலை சந்திரவதனா எண்டொரு பிள்ளை வேலை செய்யுது. ரெய்னர்ஸ் லேன். தெரியுமோ? என்ரை மகனுக்குப் பேசியிருக்கு. பிள்ளை நல்ல பிள்ளையாம். தேப்பன்தானாம் பிரச்சினை.”

“என்ன பிரச்சினை?”

“முன்கோபக்காரனாம். எல்லாத்துக்குள்ளையும் மூக்கை நுழைப்பானாம். கனடாவிலை இருக்கிற குகதாசன் எண்டவர்தான் சொன்னவர், ‘தேப்பனைக் கணக்கிலை எடுக்காதேங்கோ, பிள்ளையைப் பாருங்கோ’ எண்டு.”

அத்தான், இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் வெட்கப்படவும்.

நானும் விடவில்லை. “அவர் எனக்கும் ஒரு கதை சொன்னவர். மனோர் பார்க்கிலை பாலேந்திரா எண்டொருத்தராம். சரியான அப்பாவியாம். பெண்சாதியைக் கேளாமல் தும்மவும் மாட்டாராம்,” என்றேன். தும்மல் விஷயம் நானாகச் சேர்த்தது. அவருடைய கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சம்பந்திமார் இரண்டு பேரும் தாம்பாளம், வெற்றிலை, நல்ல நேரம் ஒன்றும் இல்லாமல் இப்படித்தான் சந்தித்துக்கொண்டோம்.

சண்டை பிடிக்கலாம் என்று இரண்டு பேரும் வாயைத் திறந்த நேரம், சந்திரவதனா வந்தாள். சட்டென்று என் குடையை விரித்து இருவரும் அதற்குள் பதுங்கினோம். வண்டில்காரி அவளை ஒன்றும் கேட்கவில்லை, தானாகவே தட்டைப் போட்டுக் கொடுத்தாள். மகள் நேரே போய், எதிர் மதிலில் குந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி, அவருடைய தட்டில் இருந்து ஒரு கோழி ஈர்க்கைக் கேளாமல் எடுத்தாள். கேளாமல், அத்தான்! அது ஒருநாள் இருநாள் பழக்கத்தில் வருகிற காரியமா? அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். வீட்டில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவள், அந்தத் தூறலுக்குள் இருந்து ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சிரித்தாள். என் பிள்ளை இப்படிச் சிரித்து நான் இரண்டு மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. தொப்பி நுனியால் கண்ணைத் துடைத்தேன். சம்பல் புரையேறிவிட்டது என்று பாலேந்திராவிடம் சொன்னேன். அவருக்கும் புரையேறியிருந்தது.

“இதுகள் எப்பவோ முடிவெடுத்திட்டுதுகள். பிறகு எங்களை என்னத்துக்குக் கேட்டதுகள்?” என்றார் அவர். நியாயமான கேள்வி. பதில் உங்களிடம் இருக்கிறது. ஆனி மாதம் மகள் லீவில் வந்து உங்கள் வீட்டில் இரண்டு கிழமை நின்றாளே, அப்போது என்ன பேசினீர்கள்? நீங்கள் சம்பந்தம் பேசவில்லை அத்தான், அவள் சொல்லித் தந்ததை எனக்கு ஒப்புவித்தீர்கள். நான் லண்டன் சிற்றி நடுவில் பொலிஸ்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஆகவே முடிவைச் சொல்லுகிறேன். வெள்ளிக்கிழமையில் கோழி தின்கிற மாப்பிள்ளையும், இறால் என்று தெரிந்தே விரலை நக்குகிற சம்பந்தியும் எனக்கு வேண்டாம். இரண்டு நாளாகச் சாமி அறைக்குள் கால் வைக்க எனக்கு முகமில்லை. ஏன் என்று கேட்கிற கனகாம்பிகைக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு அசையவில்லை என்று சொல்லி, இரண்டு நாளாக நல்லெண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கிறேன். மாப்பிள்ளையின் சாதகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

அக்காவுக்கு என் அன்பு. மருமக்களுக்கு எல்லாம் வல்ல முருகன் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுப்பானாக. உங்களுக்கு, வயதுக்குரிய மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
கடும் மனவருத்தத்துடன்,
சி. சிவானந்தன்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போன நேரம் மகள் தேத்தண்ணியுடன் வந்து பக்கத்தில் இருந்தாள். “நாரிப்பிடிப்பு எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ, எனக்குச் சொல்லாதேங்கோ அப்பா. நீங்கள் வெள்ளிக்கிழமை வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நாலு பேரையும் அப்பிடித்தானே விசாரிச்சனீங்கள்? வந்து கண்ணாலை பாக்கட்டும் எண்டுதான் ஒளிக்காமல் இருந்து சாப்பிட்டனாங்கள்,” என்றாள். நான் இறாலைப் பற்றி ஆரம்பித்தேன். “உங்கடை குழம்புக்கை இறால் இல்லை. குரங்குத் தொப்பியோடை ஒருத்தர் வருவார், வரிசையிலை நிக்கிற ஆக்களை எல்லாம் விசாரிப்பார், அவர் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடார் எண்டு அந்த வண்டில் அக்காவிட்டை முதலே சொல்லி வைச்சனான். அவ அதுக்கெண்டு விடிய எழும்பி உங்களுக்குப் புறிம்பாய் ஒரு சின்னச் சட்டியிலை குழம்பு வைச்சுக் கொண்டந்தவ,” என்றாள். எழும்பிப் போய்ச் சாமி அறையில் விளக்கை ஏற்றினேன். மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம், அக்காவுக்கும் காட்ட வேண்டாம். சாதகத்தை உறையில் இருந்து எடுத்துவிட்டேன். தை மாதத்தில் நல்ல நாளாகப் பார்த்து உடனே போன் எடுக்கவும். பாலேந்திராவுக்கு எந்தச் சட்டியில் இருந்து போட்டாள் என்று மகள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, சம்பந்தியாகப் போகிறவர்.