கண்ணுக்குள் முடிச்சுப் போட்ட விவரம்

செங்கல்பட்டு,
செவ்வாய்க்கிழமை

ஊரப்பாக்கத்தில் நலமே வாழும் மைத்துனன் மோகனுக்கு மாமா கோதண்டராமன் ஆசிகள். நானும் உன் அக்கா வேண்டாவும் சுகம் என்று எழுத ஆசைதான். என் இடது கண் அதில் சேராது.

போன வியாழக்கிழமை நெம்மேலிப் படகுக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, இந்தக் கயிறு தாங்குமா என்று கேட்டார். முப்பது வருஷமாகக் கயிறு விற்பவனிடம் கேட்கிற கேள்வியா என்று நானே தூணில் கட்டி இழுத்துக் காட்டினேன், அது அறுந்தது, நான் மல்லாந்தேன், முன்பு புரை எடுத்து வைத்த லென்ஸ் கண்ணுக்குள்ளேயே சரிந்துவிட்டது. டாக்டர் மதுவந்தி அதை நூலால் கண்சுவரில் கட்ட வேண்டும் என்றார். என்ன நூல் என்றேன். நைலான் சில வருஷத்தில் கண்ணுக்குள் இற்றுவிடுமாம். பாலிப்ரொப்பிலீன் நெடுநாள் நிற்குமாம், பத்து வருஷம் கழித்து அறுந்தாலும் அறுமாம். மூன்றாவது, ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்தப் பூச்சின் இனம். பலம் அதிகம், முடிச்சு பருமன், உறுத்தாமல் புதைக்க வேண்டுமாம். முதல் இரண்டும் என் கடையில் கிலோக் கணக்கில் தொங்குகிறவை.

"இன்னா டாக்டரம்மா, மாடு கட்ற சரக்கக் கண்ணுல கட்டுவியா?" என்றேன்.

"முடி கனம்தான் ஐயா. நீங்களே கயிறு வியாபாரி, எது போடலாம் சொல்லுங்க" என்றார்.

என் சரக்கின் யோக்கியதை எனக்குத் தெரியும், அதனால்தான் பயம். அதற்குள் நர்ஸ் படிவத்தோடு வந்து, யார் கையெழுத்துப் போடுவது என்றாள்.

"வேண்டா" என்றேன்.

அவள் அதைப் பெயராக எடுத்துக்கொண்டு, வெளியே போய் உன் அக்காவைக் கூட்டி வந்துவிட்டாள். வந்தவள் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், "எங்க வூட்டு தோசக்கல்லு நல்லா உழைக்குது, அதையே போட்டுருங்க" என்று தேர்வும் செய்துவிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் சக்கர நாற்காலி நகர்ந்துவிட்டது.

நேற்று ஆபரேஷன் முடிந்தது. தோசைக்கல்லைக் கண்ணில் வைத்துக்கொண்டு நான் எப்படிக் கல்லாவில் உட்காருவேன்? வெள்ளிக்கிழமை வந்து என்னை வேறு டாக்டரிடம் அழைத்துப் போ. முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டும்.

துர்காதேவிக்கும் குழந்தைகளுக்கும் எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
ஒற்றைக் கண்ணோடு மாமா

பி.கு.: புதன் காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். நேராகக் கடைக்கு வந்தேன். வலது கண்ணின் மங்கலில் பார்த்து, பிரமாதம் என்று நானே நேற்று மாட்டச் சொன்ன புதுப் பலகையில் 'கோதண்டராமன் வயிற்றுக் கடை' என்று இருப்பது இடது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. முடிச்சில் யாரும் கை வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பெயின்டரை மட்டும் கூட்டி வா.