அறுபத்துமூன்று முறை கேட்ட அனுமதி

மனித குலம் இதுவரை எட்டியுள்ள நாகரிகங்களில் ஆக உயர்ந்தது, கைபேசியில் மணி அடிக்கும் முன் 'அடிக்கலாமா?' என்று அனுமதி கேட்கும் நாகரிகம். அடுத்த வீட்டுக்காரர் நம் சுவர் அதிர ஆணி அடிக்கும் முன் கேட்பதில்லை. மாமியார் ஒரு மாதம் தங்க வரும் முன் கேட்பதில்லை. செயலி கேட்கிறது. அது சரியாகக் கேட்கிறதா என்று அணு அணுவாகச் சோதித்துக் கையெழுத்துப் போடும் திருப்பணி, மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசையில் இருந்த சோதனையாளருக்கு வாய்த்தது.

அவருடைய நிறுவனம் செய்தது மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், அந்த நேரத்துக்கு மணி அடிக்கும். சோதனையாளரின் அக்காவும் அதன் பயனாளர். அக்காவுக்கு வலிப்பு உண்டு. காலை ஏழு, மாலை ஏழு, இரண்டு வேளையும் மாத்திரை தப்பக் கூடாது. தப்பாமல் போட்டு வந்ததால் ஆறு வருடமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அவருடைய தையல் கடையில், துணி வெட்டும் மேசைமேல் இருந்த பழைய அலாரம் கடிகாரம்தான் அந்த வேலையைப் பார்த்தது. "இனிமே இது எதுக்குக்கா, எடத்த அடைச்சிக்கிட்டு?" என்று தம்பிதான் அதைத் தூக்கி அலமாரிக்குள் போட்டார்.

நிறுவனத்தின் வளர்ச்சித் துறைத் தலைவரை ஊழியர்கள் அவர் இல்லாத நேரங்களில் 'நூத்துக்கு நூறு' என்று அன்போடு அழைப்பார்கள். செயலியை ஏற்றுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அறிவிப்புக்கு அனுமதி மறுக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை. போன் அந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவைதான் கேட்க விடும். 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. எனவே போன் கேட்கும் முன் நாமே ஒரு தடவை கேட்டு ஆளை வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பதினொரு பேர் அடங்கிய 'அனுமதி உயர்மட்டக் குழு' கூடி முடிவெடுத்தது. அதற்கென ஒரு பக்கம் உருவானது. அதில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பொத்தான்: 'ஆமாம், என் உடல்நலத்தில் எனக்கு அக்கறை உண்டு.' அதன் கீழே, கண் டாக்டர் கடைசி வரியாக வாசிக்கச் சொல்லும் அளவில், வெளுத்த சாம்பல் நிறத்தில் இன்னொன்று: 'எனக்கு அக்கறை இல்லை.' கேட்பதில் எவ்வளவு பணிவு பாருங்கள்.

இந்தப் பணிவைச் சோதிக்க ஏழு போன்கள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒன்பது சோதனை, ஆக அறுபத்துமூன்று. ஒரு தடவை கேட்டுவிட்ட போன் மறுபடி கேட்காது என்பதால், ஒவ்வொரு தடவையும் செயலியை அழித்து, புதிதாக ஏற்றி, ஒன்றும் அறியாதவர்போல முதலிலிருந்து அழுத்த வேண்டும். சோதனையாளரின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் 'நூத்துக்கு நூறு' அவருடைய மேசைக்கே வந்தார்.

"எட்டு பேர் வேண்டாம்னு அழுத்தியிருக்காங்க. யாருன்னு தெரியுமா?"

"நான்தான் சார். வேண்டாம்னா என்ன ஆகுதுன்னும் பாக்கணுமில்ல?"

"சோதனைக்குக்கூட அப்படி அழுத்தாதீங்க. சதவீதம் எறங்குது."

அன்றிலிருந்து சோதனையாளர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். அறுபத்துமூன்று தடவையும் கேள்வி பளிச்சென்று வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். புதிய பக்கம் பழைய பயனாளர்களிடமும் போய் மறுபடி அனுமதி கேட்டது. அக்கா கடையிலிருந்து போன் செய்து, பச்சையும் சாம்பலுமாக என்னமோ கேட்கிறதே, எதை அழுத்துவது என்று விசாரித்தார்.

"பச்சைய அழுத்துக்கா. அறுபத்துமூணு தடவ சோதிச்சது நான்தான்."

தம்பி சொன்னபிறகு அக்கா யோசிக்கவில்லை.

அரும்பாடுபட்டுப் பெற்ற அனுமதியைச் சும்மா வைத்திருப்பது பாவம் என்று உயர்மட்டக் குழு கருதியது. 'தண்ணீர் குடித்தீர்களா?' என்று ஒரு மணி அடித்தது. 'மாத்திரை டப்பாவுக்கு அழகிய உறை, இன்று மட்டும்' என்று ஒரு மணி. 'உங்களைக் காலையிலிருந்து காணோமே' என்று ஒரு மணி. ஆனாலும் குழு ஈவிரக்கம் இல்லாதது அல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் மணி அடித்தால் எரிச்சல் வரும் என்று எண்ணி, பதினோராவது எதுவானாலும் அதைச் சத்தமில்லாமல் கைவிடும்படி 'தன்னடக்க விதி' ஒன்றைக் கொண்டுவந்தது. குழுவின் அறிக்கையில் அந்த விதிக்குத் தனிப் பாராட்டு உண்டு.

மாலை நான்குக்குள் பத்தும் அடித்துத் தீர்ந்துவிடும். ஏழு மணி மாத்திரைதான் பதினோராவது.

பள்ளிகள் திறக்கும் நேரம். அக்காவின் கடையில் சீருடைத் துணி மலைபோலக் குவிந்திருந்தது. தலை நிமிர நேரமில்லை. போன்தான் பகல் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறதே, மாத்திரை நேரத்தை மட்டும் விட்டுவிடுமா என்று இருந்துவிட்டார். அடுத்தடுத்து நான்கு மாலைகள் மாத்திரை தப்பியது. ஐந்தாம் நாள் காலை, தைத்த சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. இஸ்திரிப் பெட்டியின் மேலேயே விழுந்தார். துணி வெட்டும் வலது கை, முழங்கை வரை வெந்துபோனது.

சோதனையாளர் நிறுவனத்தின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார். நான்கு மாலையும் ஏழு மணிக்கு நேராக 'தன்னடக்கம்' என்று எழுதியிருந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு நேரே கூட்ட அறைக்குப் போய், நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். 'நூத்துக்கு நூறு' வருத்தத்தோடு கண்ணை மூடித் திறந்தார்.

"அனுமதிய ரத்து பண்ணிட்டாங்களா உங்க அக்கா?"

"இல்ல சார். கையில கட்டுப் போட்டிருக்கு."

"அப்ப நம்ம கணக்குல இன்னும் ஆமாம்தான்," என்றார் அவர். அறையே மூச்சு விட்டது. பதிவேட்டில், 'பயனாளர் ஒருவருக்கு விபத்து. அனுமதி பாதிக்கப்படவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். விரல் மடங்க ஆறு மாதமாவது ஆகும், கத்தரி பிடிப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலையணை ஓரத்தில் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால், 'உங்களைக் காலையிலிருந்து காணோமே.' சோதனையாளர் அதை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். அலமாரியில் கிடக்கும் கடிகாரத்தை நாளைக்கு எடுத்து வா என்று அக்கா சொன்னார். தம்பி தலையாட்டினார். கொஞ்ச நேரம் தம்பியின் வீங்கிய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் அக்கா கேட்டார்:

"அறுபத்துமூணு தடவ சோதிச்சேன்னியே. ஏழு மணிக்கு மணி அடிக்குதான்னு ஒரு தடவயாவது பாத்தியாடா?"

சோதனையாளரின் அலுவலகம் ஆறு மணிக்கே மூடிவிடும்.