கால் மணி நேர ஹெச்.எம்.

எதிர்காலத்தைப் பற்றிப் பதினேழு வயதில் இருக்கும் தெளிவு அதற்கப்புறம் எந்த வயதிலும் வருவதில்லை. எங்கள் ப்ளஸ் டூ வகுப்பில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஷர்மிளா டாக்டர். பெனாசிர் விமானி. மகாலட்சுமி கலெக்டராகி, முதல் வேலையாகப் பாடத்திட்டத்திலிருந்து பிசிக்ஸை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். (இன்று அடையாறில் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறாள். நல்ல கூட்டம்.)

எங்கள் மயிலாப்பூர் பள்ளியில் ஃபேர்வெல் நடத்துவது பதினோராம் வகுப்புப் பெண்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். எடுக்கிற சீட்டில் என்ன இருக்கிறதோ, இருபது வருடம் கழித்து நாம் அதுதான். அந்த வேஷத்தில் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும். எனக்கு வந்தது, ‘நம்ம ஸ்கூல் ஹெச்.எம்.’

ஹெச்.எம். என்றால் லூர்து சிஸ்டர். சாம்பல் நிறக் காட்டன் புடவை, கழுத்தில் மரச்சிலுவை, இடுப்பில் சாவிக்கொத்து. சாவிச் சத்தம் கேட்டாலே வராந்தாவில் பேச்சு நின்றுவிடும். பிள்ளைக்கு இடம் கேட்டு யார் வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “எடமே இல்லம்மா. ஜூன்ல பாக்கலாம்.” அதை அப்படியே அவர் குரலில் சொல்லிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி. மேடையில் அதைச் சொன்னால் கைத்தட்டலில் கூரை பறக்கும் என்று நம்பினேன்.

புடவையையும் சிலுவையையும் வேறொரு மடத்தில் கன்னியாஸ்திரீயாக இருந்த என் அத்தையிடம் இரவல் வாங்கினேன். (எதற்கென்று சொல்லவில்லை. நானும் கன்னியாஸ்திரீ ஆகத் தேவ அழைத்தல் வந்துவிட்டதாக நினைத்து அத்தை அழுதேவிட்டார்.) அப்பாவின் தடித்த மூக்குக்கண்ணாடி. நரைக்குத் தலை முழுக்க டால்கம் பவுடர். அதே பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த என் அம்மா, அன்று காலை என்னைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: “ஜெசிந்தா, எதுவும் வம்பு பண்ணாத. நான் இன்னும் பதினஞ்சு வருஷம் இங்க வேல பாக்கணும்.”

விழா மைதானத்தில். நாங்கள் அலங்காரம் செய்துகொள்ள ஆபீசுக்குப் பக்கத்து அறை. அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தில் ஒரு ஃபேஸ் கரண்ட் போய்விட்டது. சென்னை வியர்வையில் என் நரை கரைந்து நெற்றியில் வழிய ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தால், லூர்து சிஸ்டர் அறையில் மட்டும் ஃபேன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. சிஸ்டர் மைதானத்தில் முதல் வரிசையில். ஆபீஸ் கிளார்க் சமோசா விநியோகத்தில். நுழைந்தேன். ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது அவருடைய நாற்காலி. நான் என்ன செய்ய? உட்கார்ந்தேன்.

நெற்றி காய்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். கூடவே பத்து வயதில் ஒரு சிறுமி.

“வணக்கம் சிஸ்டர். நாலு தபா வந்துட்டேன். ஆபீசுல கீறவரு ஒங்க மொகத்தக்கூட பாக்க வுடல. இன்னிக்கு ஆளக் காணோம், அதான் நேரா வந்துட்டேன்.”

‘நான் சிஸ்டர் இல்லைங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“சைதாப்பேட்ட ஆத்தாண்ட கீற வூட்டயெல்லாம் இடிச்சுட்டு, அம்மாந்தூரத்துல வூடு குடுத்துட்டாங்க சிஸ்டர். இவ ஸ்கூலுக்குப் போயி மூணு மாசமாவுது. நான் அபிராமபுரத்துல வூட்டு வேல செய்றேன். அங்க சேத்தா நான் திரும்பி வர்ற வரிக்கும் புள்ள தனியா கீணும். இங்கன்னா காத்தால வரச்சொல்லோ இட்டாந்து வுட்டுட்டு, சாய்ங்காலம் இட்டுனு போயிடுவேன். அஞ்சாவதுல ஒரு எடம் குடு சிஸ்டர்.”

சிறுமி கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள். “யம்மா, சிஸ்டர் தலைலேர்ந்து பவுடர் கொட்து.”

“ச்சீ, சும்மா கெட ரேவதி. பெரியவங்கள அப்டிச் சொல்லுவாங்களா?”

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அது கதவு திறந்த அந்த நொடி. அதைத் தவறவிட்டுவிட்டால், போகப் போக உண்மையைச் சொல்வது பெரிய கொலைக்குற்றம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த அம்மா அழ வேறு ஆரம்பித்துவிட்டார். அவரை எப்படியாவது வெளியே அனுப்பினால் போதும் என்று லூர்து சிஸ்டர் குரலில் சொன்னேன்: “சரிம்மா. திங்கட்கிழமை யூனிஃபார்மோட வா.”

(இதைக் கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம். சுத்தமான பயம்.)

அவர் என் காலில் விழப் போனார். அந்த நேரத்தில் மைதானத்து மைக் அலறியது: “இருபது வருடங்களுக்குப் பிறகு... நமது தலைமை ஆசிரியை!”

“ஒங்களத்தான் கூப்புட்றாங்க சிஸ்டர்!” என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் கண்ணாடியில் எனக்குப் பாதி உலகம்தான் தெரிந்தது. “வழி வுடு, சிஸ்டர் வர்றாங்கோ!” என்று கூட்டத்தை விலக்கி, என்னைப் பத்திரமாக மேடைப்படி வரை கொண்டுபோய் விட்டார்.

கைத்தட்டல், விசில். முதல் வரிசையில் லூர்து சிஸ்டரே சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்தேன். “எடமே இல்லம்மா” என்று ஆரம்பிக்க வேண்டும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். மேடை ஓரத்தில் அந்த அம்மா, மகளின் தோளைப் பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாக நின்றார். மைக்கை ஒரு தரம் தட்டிப் பார்த்தேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“எடம்... இருக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. லூர்து சிஸ்டர் வாயிலிருந்து யாரும் கேட்டறியாத வாக்கியம் அது. அந்த அமைதியில் ஓரத்திலிருந்து குரல் வந்தது: “ஆமா! திங்கக்கெழம யூனிஃபாரத்தோட வரச்சொல்லிட்டாங்க!”

மைதானமே வெடித்துச் சிரித்தது. அந்த அம்மாவும் கூடவே சிரித்தார். பிறகுதான் முதல் வரிசையில் அதே சாம்பல் நிறப் புடவையில் இன்னொருவர் எழுந்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக அவர் முகத்தைவிட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் அதே அறை, அதே ஃபேன். நாற்காலியில் இப்போது அசல் சிஸ்டர். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் தாயும் மகளும், கதவோரம் தரையைப் பார்த்தபடி என் அம்மா.

“என் நாற்காலில எதுக்கு ஒக்காந்த?”

“ஃபேன் ஓடுச்சு, சிஸ்டர்.”

“பிப்ரவரி மாசத்துல யாராவது அட்மிஷன் போடுவாங்களா?”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வுடு சிஸ்டர். அந்தப் பொண்ணத் திட்டாத. நான்தான் மொகம் தெரியாம கேட்டுக்கினேன். வா ரேவதி.” என்னை ஏமாற்றுக்காரி என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

லூர்து சிஸ்டர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். “நில்லும்மா. அவ சொன்னபடியே திங்கட்கிழமை கூட்டிட்டு வா.” என் பக்கம் திரும்பினார். “எடம் குடுத்தது நீ. விட்டுப்போன பாடத்த நடத்தப்போறதும் நீதான். பரிட்சை முடிஞ்சதும் லீவு பூரா இங்க வர்ற.”

அந்த வருடம் தோழிகள் எல்லோரும் பெசன்ட் நகர் கடற்கரையில் காற்று வாங்க, நான் காலி வகுப்பறையில் ரேவதிக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். கணக்கில் நான் சுமார்தான். பாதி நாள் அவள்தான் என்னைத் திருத்தினாள்.

நான் ஹெச்.எம். ஆகவில்லை. தி. நகரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன். வீட்டில் நான் எதைக் கேட்டாலும், கேஸ் சிலிண்டர் சொன்னீர்களா என்றால்கூட, என் கணவர் “திங்கட்கிழமை யூனிஃபார்மோட வா” என்பார். என் அம்மாவும் அவர் கட்சி.

போன மாதம் என் மகளுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டு அதே பள்ளிக்குப் போனேன். இருபது வருடத்தில் அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அட்மிஷன் பார்க்கும் டீச்சர் விண்ணப்பத்தை நிதானமாகப் படித்துவிட்டு, முகத்தில் ஒன்றுமே காட்டாமல் சொன்னார்: “எடமே இல்லையே மேடம். ஜூன்ல பாக்கலாம்.”

கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தேன். டீச்சர் நரை விழுந்த என் தலையையே உற்றுப் பார்த்தார்.

“இன்னாக்கா, இப்ப பவுடரே தேவப்படல போல?”

ரேவதி! பத்து வயதில் பார்த்த அதே இமைக்காத கண்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அவள் என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, லூர்து சிஸ்டர் குரலில், என்னைவிடப் பிரமாதமாகச் சொன்னாள்:

“திங்கட்கிழமை யூனிஃபார்மோட வா.”