பரிசீலனையில் உள்ள சமோசா

மகளிர் முன்னேறாமல் நாடு முன்னேறாது என்பது எங்கள் அலுவலகத்தின் உறுதியான கருத்து. வாசலில் பெயின்டில் எழுதியே போட்டிருக்கிறோம். பெண் தொழில்முனைவோர் ஊக்குவிப்புப் பிரிவு என்று பெயர். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

சென்ற ஆண்டு சலீமா என்பவர் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். கதிர்காமம் பஸ் ஸ்டாப் ஓரம் சமோசா வண்டி நிறுத்த ஆறடி இடம் வேண்டும். அனுமதி இல்லையென்று இரண்டு முறை வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கணவர் இல்லை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அவருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

கையெழுத்து என்றால் சும்மாவா? கூட்டம் கூட்டினோம்.

“பொருளைப் பார்க்காம எப்படி ஊக்குவிக்கிறது?” என்றார் இயக்குநர் பூர்ணிமா மேடம்.

சலீமா நூறு சமோசா கொண்டுவந்தார். உறுப்பினர்கள் பொருளை ஆழ்ந்து பரிசீலித்தார்கள். தட்டு காலியானதும் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சலீமா கொடுத்த சிற்றுண்டி பில் மட்டும் அன்றே பாஸாகிவிட்டது.

இரண்டாம் கூட்டத்தில், வண்டிக்குச் சக்கரம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சக்கரம் இருந்தால் வாகனம், போக்குவரத்துத் துறையைக் கேட்க வேண்டும். கழற்றிவிட்டால் கட்டடம், நகரமைப்புத் துறையைக் கேட்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றினால் எந்தத் துறை என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். அன்றைக்கு நூற்றிருபது சமோசா.

மூன்றாம் கூட்டத்துக்கு ராஜவேல் என்ற ஆலோசகர் லினன் சட்டையில் வந்தார். “வண்டிக்கு மஞ்சள் பெயின்ட், வெள்ளை பார்டர். மேல பிரெஞ்சுல ‘ஷே சலீமா’ன்னு போர்டு. டூரிஸ்ட் தானா வந்து நிப்பான்” என்றார்.

“அப்படின்னா என்னா சார்?” என்றார் சலீமா.

“சலீமா வீட்டிலன்னு அர்த்தம்.”

“வீட்டுல விக்க முடிஞ்சா நான் எதுக்கு சார் இங்க வரேன்?”

இந்தக் கேள்வி குறிப்பில் ஏற்றப்படவில்லை.

இப்படிப் பதினொரு கூட்டங்கள் நடந்தன. பன்னிரண்டாவதுக்கு முன் ஒரு விபத்து நேர்ந்தது. எல்லாத் துறைகளும் ஆட்சேபணை இல்லை என்று பதில் அனுப்பிவிட்டன. கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சந்தோஷமாகச் சலீமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவர் முகம் வாடிப்போயிருந்தது.

“ஆர்டர் வந்துட்டா கூட்டம் நின்னுடுமா சார்?”

“ஆமாம்மா. இனிமே எதுக்குக் கூட்டம்?”

“சமோசா மடிக்க ரெண்டு பேர வேலைக்கு வெச்சிருக்கேன் சார். பிள்ளைங்க படிப்பும் இதுலதான் ஓடுது. பஸ் ஸ்டாப்புல நூறு விக்கும்னு யாரு கண்டா?”

சற்று யோசித்து, ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினார். மேற்படி சலீமாவுக்கு மேற்படி இடத்தைக் கொடுக்கக் கூடாது. இப்படிக்கு, சலீமா.

மேடம் இரண்டு முறை படித்தார்.

“பொதுமக்கள் ஆட்சேபிச்சா விசாரிச்சே ஆகணும். ரெண்டு தரப்பையும் தனித்தனியா கேளுங்க.”

அன்று முதல் விண்ணப்பதாரர் சலீமாவுக்கு ஒரு கூட்டம், ஆட்சேபணைதாரர் சலீமாவுக்கு ஒரு கூட்டம். இரண்டு தரப்பும் சமோசாவோடு ஆஜராயின. பயனாளி ஒருவர் தொடர் ஊக்குவிப்பில் உள்ளார் என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். அதற்காக எங்கள் பிரிவுக்கு ஒரு கேடயமும் கிடைத்தது.

வரிசையில் அடுத்த ஃபைல் குருசுக்குப்பம் அஞ்சலாட்சியுடையது. கருவாடு விற்க ஒரு சின்ன கொட்டகை கேட்டிருக்கிறார். மழை பெய்தால் சரக்கெல்லாம் புழுத்துப்போகிறது. ஆனால் முன் ஃபைல் முடியாமல் பின் ஃபைலைத் திறக்கக் கூடாது என்பது விதி.

நேற்று எட்டாவது முறையாக வந்தார். கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. சலீமா காலித்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என் பேப்பர் என்னா சார் ஆச்சு? போன மழைக்கே பாதிச் சரக்கு போயிடுச்சி.”

“இந்த ஃபைல் முடியணும்மா.”

அஞ்சலாட்சி தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இது எங்க சார் முடியப்போவுது? நான் கருவாடு விக்கிறேன், அதான் என் தப்பு. கருவாட்டத் தின்னுகிட்டு யாரு கூட்டம் போடுவாங்க?”

சலீமா தலையைக் குனிந்துகொண்டு ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பதில் சொல்லியிருப்பேன், வாயில் சமோசா இருந்தது.